ப்ளூ பில் போர்டுக்கு டிபக்கர் அமைப்பது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமலையில் எஸ்டிஎம்32 என்ற சிறு கணினிச் சிப்பை (மைக்ரோகன்ட்ரோலர்) பழகத் தொடங்கும் அநேகமானோர் கையில் ஒரே சாமான்கள்தான் இருக்கின்றன: எஸ்டிஎம்32எஃப்103சி8டி6 சிப் பொருத்திய ‘ப்ளூ பில்’ என்ற சின்ன நீலப் போர்டு, கணினியைச் சிப்போடு இணைக்கும், யூஎஸ்பி குச்சி போன்ற எஸ்டி-லிங்க் வி2 பிரதி ஒன்று, நாலு ஜம்பர் வயர். கோணேசபுரி கம்பஸில் படிக்கிற பிள்ளைகளும், கிண்ணியாவிலும் மூதூரிலும் வீட்டிலிருந்து தாமாகப் பழகுகிறவர்களும், மீன்பெட்டியின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி கட்ட நினைப்பவர்களும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் தடக்குப்படுகிறார்கள். டிபக்கர் என்பது சிப்பில் ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேடும் ஏற்பாடு. அதை அமைக்கும்போது வரும் அந்த இடங்களுக்கான பதில்கள் இவை.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். முகவரிகள் பதினறும எண்கள். அவற்றின் முன்னால் வரும் பூச்சியத்தையும் எக்ஸையும் எழுதவில்லை, அடிக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

யுஆர்ட் என்ற சீரியல் தொடர்பு வழியாக பிரின்ட் போட்டுப் பார்த்தே வேலை நடக்கிறது. டிபக்கர் உண்மையில் தேவையா?

தேவை. 9600 போட் வேகத்தில் ஓர் எழுத்தை அனுப்ப ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் பிடிக்கும். 72 மெகாஹேர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு அது எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகள். இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் நிரல்பகுதி) ஒன்றுக்குள் ‘இங்கே வந்தேன்’ என்று அச்சிட்டால் நீங்கள் தேடுகிற பிழையின் நேரக்கணக்கே மாறிவிடும். சில நேரம் பிழை மறைந்தும் போகும், அதுதான் இன்னும் மோசம். ஹார்ட் ஃபோல்ட் (நிரல் தொடர முடியாத கடும் பிழை) வந்தாலோ அச்சிடுவதற்கே ஆள் இருக்காது. டிபக்கர் சிப்பை அந்தக் கணத்தில் நிறுத்தி, ரெஜிஸ்டரையும் நினைவகத்தையும் அப்படியே காட்டும். அதற்காக உங்கள் நிரலில் ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டியதில்லை.

எந்த வயரை எங்கே கொடுப்பது?

போர்டின் ஒரு முனையில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் நாலு பின்கள்தான் டிபக் பின்கள். எஸ்டபிள்யூடிஐஓ என்பது சிப்பின் பிஏ13, எஸ்டபிள்யூசிஎல்கே என்பது பிஏ14, மற்ற இரண்டும் கிரவுண்டும் 3.3 வோல்ட்டும். எஸ்டி-லிங்க் பிரதிகளில் பின் வரிசை தொகுதிக்குத் தொகுதி மாறும். ஆகவே வேறொருவர் எடுத்த படத்தைப் பார்த்து இணைக்காதீர்கள். உங்கள் குச்சியின் உலோக உறையில் அச்சிட்டிருப்பதை வாசித்து இணையுங்கள். அதே குச்சியில் 5 வோல்ட் பின்னும் இருக்கிறது. அதை 3.3 பின்னில் கொடுத்தால் சிப் போய்விடும்.

போர்டுக்கு அதன் சொந்த யூஎஸ்பி வழியாகக் கரண்ட் கொடுத்தால் எஸ்டி-லிங்கின் 3.3 வயரைக் கழற்றிவிடுங்கள். கிரவுண்ட் வயர் எப்போதும் இருக்க வேண்டும். பூட்0, பூட்1 ஜம்பர்கள் இரண்டும் பூச்சியத்தில் இருக்கட்டும். வயர் ஒரு சாணுக்கு மேல் நீள வேண்டாம்.

போன கிழமை வேலை செய்த அதே இணைப்பு இப்போது விட்டுவிட்டு வருகிறது. மென்பொருளை மறுபடி நிறுவவா?

வேண்டாம், முதலில் வயரைப் பாருங்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு இதை நான் அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். உப்புவெளியோ, ஓர்ஸ் ஹில்லோ, நிலாவெளிப் பக்கமோ, நாம் எல்லோரும் கடலுக்குக் கிட்டத்தான் இருக்கிறோம். உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் மலிவான ஜம்பர் வயரின் உள்ளே இருக்கும் தகட்டைச் சத்தமில்லாமல் அரித்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் நடப்பதால் வெளியே எதுவும் தெரியாது. எஸ்டபிள்யூசிஎல்கே வயரில் இப்படி நடந்தால் சிப் சில நேரம் பதில் சொல்லும், சில நேரம் சொல்லாது. ஆட்கள் மூன்று நாள் அமைப்புக் கோப்பை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

மல்டிமீற்றரைத் தொடர்ச்சி ஒலியில் வைத்து, ஒரு முனையை எஸ்டி-லிங்கின் பின்னிலும் மறுமுனையைப் போர்டின் பின்னிலும் தொட்டு, வயரை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஒலி அறுந்தால் அந்த வயரை எறிந்துவிடுங்கள், திருத்தப் பார்க்க வேண்டாம். பின் தலைப்பைப் பற்றவைக்காமல் துளையில் சும்மா செருகி வைத்திருந்தால் அதையும் இன்றே ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். வயர்களையும் எஸ்டி-லிங்கையும் காற்றுப்புகாத டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது பழக்கமாகட்டும்.

மென்பொருள் வழியாகவும் ஒரு சோதனை உண்டு. எஸ்டி-லிங்க் வழியாகச் சிப்போடு பேசும் ஓப்பன்ஓசிடி என்ற மென்பொருளில் ‘அடாப்டர் ஸ்பீட் 100’ (கிலோஹேர்ட்ஸ்) என்று கொடுத்துப் பாருங்கள். 1000இல் தவறி 100இல் நன்றாக ஓடினால் குற்றம் பெரும்பாலும் வயரிலோ பின்னிலோதான்.

என்னென்ன நிறுவ வேண்டும்?

உபுண்டுவில் ‘ஓப்பன்ஓசிடி’, ‘ஜிடிபி-மல்டிஆர்க்’ (நீங்கள் கட்டளை அடிக்கும் டிபக்கர் நிரல், சுருக்கமாக ஜிடிபி) இரண்டு பொதிகளும், நிரலைக் கொம்பைல் செய்ய ஆர்ம் ஜிசிசியும் போதும். டேட்டா பார்த்துச் செலவழிக்கிறவர்களுக்கு இந்த வழி முழு ஐடிஇ (நிரல் எழுதும் பெரிய மென்பொருள்) ஒன்றை இறக்குவதைவிடச் சிக்கனம். விண்டோஸில் எஸ்டி-லிங்க் டிரைவரையும் தனியாகப் போட வேண்டும்.

லினக்ஸில் சூடோ போட்டால் மட்டும் ஓடுகிறது, இல்லாவிட்டால் ‘அக்சஸ்’ என்று முடியும் லிப்யூஎஸ்பி பிழை வருகிறது என்றால் யூடெவ் விதி (சாதனத்தைத் திறக்க லினக்ஸ் தரும் அனுமதி) இல்லை என்று அர்த்தம். ஓப்பன்ஓசிடியோடு வரும் ‘60-ஓப்பன்ஓசிடி.ரூல்ஸ்’ கோப்பை யூடெவ் விதிகள் கோப்புறையில் வைத்து, குச்சியைக் கழற்றி மாட்டுங்கள். எஸ்டி-லிங்க் வி2இன் யூஎஸ்பி அடையாளம் 0483:3748. ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையில் அது தெரியாவிட்டால் மேலே போவதில் பயனில்லை.

ஓப்பன்ஓசிடியை ஓட்டினால் நிறைய வரிகள் வருகின்றன. எதைப் பார்ப்பது?

கட்டளை இது: ஓப்பன்ஓசிடி, பிறகு ‘ஹைஃபன் எஃப்’ போட்டு இன்டர்ஃபேஸ் கோப்புறையின் ‘எஸ்டிலிங்க்.சிஎஃப்ஜி’, இன்னொரு ‘ஹைஃபன் எஃப்’ போட்டு டார்கெட் கோப்புறையின் ‘எஸ்டிஎம்32எஃப்1எக்ஸ்.சிஎஃப்ஜி’. முதல் கோப்பு கையிலுள்ள குச்சியைப் பற்றியது, இரண்டாவது எதிரே உள்ள சிப்பைப் பற்றியது. இந்த இரண்டையும் பிரித்து நினைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

வரிகளை மேலிருந்து ஒழுங்காக வாசியுங்கள். ‘ஓப்பன் ஃபெயில்ட்’ என்றால் கணினிக்குக் குச்சியே அகப்படவில்லை. யூஎஸ்பி, டிரைவர், அனுமதி, இவற்றில் ஒன்று. எஸ்டி-லிங்கின் பதிப்பு எண் அச்சாகிவிட்டால் அந்தப் படி சரி. அடுத்து ‘டார்கெட் வோல்ட்டேஜ்’ வரும். இதை நம்பும்போது கவனம்: பல மலிவுப் பிரதிகள் எதிரேயுள்ள போர்டின் வோல்ட்டேஜை அளப்பதில்லை, தம் சொந்த 3.3ஐயே அளந்து சொல்கின்றன. ஆகவே 3.2 என்று காட்டினாலும் போர்டில் கரண்ட் இருக்கிறதா என்பதை மீற்றரால் பார்த்துக்கொள்ளுங்கள். ‘இனிட் மோட் ஃபெயில்ட்’ என்றால் குச்சி சரி, சிப் பதில் சொல்லவில்லை; இணைப்பிலோ சிப்பின் நிலையிலோ கோளாறு. கடைசியில் 6 பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்தும் இடம்), 4 வாட்ச்பாயின்ட் (ஒரு மாறியின் மதிப்பு மாறினால் நிறுத்துவது) என்ற வரியும், போர்ட் எண் 3333இல் ஜிடிபிக்காகக் காத்திருப்பதாக ஒரு வரியும் வந்தால் எல்லாம் கூடிவிட்டது.

யாரிடம் உதவி கேட்டாலும் கடைசி வரியை மட்டும் அனுப்பாதீர்கள். முதல் வரியிலிருந்து முழுதாக அனுப்புங்கள். பதில் பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும்.

‘எதிர்பாராத ஐடிகோட் 2பிஏ01477’ என்று நிற்கிறது. போர்டு பழுதா?

பழுதில்லை. போர்டிலிருப்பது அசல் எஸ்டி சிப் அல்ல, அதே வடிவில் வேறொரு நிறுவனம் செய்தது. அசல் எஸ்டிஎம்32எஃப்103 தன் டிபக் வாசலில் 1பிஏ01477 என்று அடையாளம் சொல்லும். சிஎஸ்32எஃப்103 போன்ற பிரதிகள் 2பிஏ01477 என்று சொல்கின்றன. மேலே எஸ்டிஎம்32 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே வேறாக இருக்கலாம்.

டார்கெட் கோப்பைக் கொடுப்பதற்கு முன் ‘ஹைஃபன் சி’ போட்டு ‘செட் சிபியூடேப்ஐடி 2பிஏ01477’ என்று சேர்த்தால் ஓப்பன்ஓசிடி அதை ஏற்றுக்கொள்ளும். இங்கே ‘சிபியூடேப்ஐடி’ மட்டும் பெரிய எழுத்தில். ஓப்பன்ஓசிடியோடு வந்த அசல் கோப்பைத் திறந்து திருத்தாதீர்கள். அடுத்த மேம்படுத்தலில் அது அழிந்து, ஏன் ஓடவில்லை என்று மறுபடி தொடங்குவீர்கள். உங்கள் செயற்றிட்டக் கோப்புறையிலேயே ‘ஓப்பன்ஓசிடி.சிஎஃப்ஜி’ என்று சொந்தக் கோப்பு ஒன்று வைத்து, இந்த வரியையும் இரண்டு ‘சோர்ஸ்’ வரிகளையும் அதில் எழுதுங்கள். பிறகு அந்தக் கோப்புறையில் நின்று ‘ஓப்பன்ஓசிடி’ என்று மட்டும் அடித்தால் போதும்.

பழகுவதற்கு இந்தப் பிரதிச் சிப் தாராளமாகப் போதும். மீனவருக்கோ விவசாயிக்கோ கொடுக்கப்போகும் கருவியில் மட்டும், மூலம் தெரிந்த அசல் சிப்பையே போடுங்கள். கடலுக்குப் போகிற சாமானில் சந்தேகம் இருக்கக் கூடாது.

அதே போர்டு, அதே எஸ்டி-லிங்க், ஆனால் எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32 கியூப்ஐடிஇ ‘எஸ்டி சாதனமென உறுதிப்படுத்த முடியவில்லை’ என்று நிறுத்துகிறது.

காரணம் மேலே சொன்னதுதான். அதன் ஜிடிபி சேவையகம் அசல் அல்லாத சிப்பை மறுக்கிறது. டிபக் அமைப்பில் சேவையகத்தை ஓப்பன்ஓசிடிக்கு மாற்றுங்கள், அல்லது மேலே உள்ள கட்டளை வழியில் போங்கள்.

ஜிடிபியில் தொடங்கும் ஒழுங்கு என்ன?

ஓப்பன்ஓசிடி ஒரு சாளரத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும். இன்னொன்றில் ஜிடிபி-மல்டிஆர்க்கை உங்கள் ஈஎல்எஃப் கோப்போடு திறவுங்கள். ‘.பின்’ அல்லது ‘.ஹெக்ஸ்’ என்று முடியும் கோப்பு வேண்டாம், அவற்றில் வரி எண்ணோ மாறிப் பெயரோ கிடையாது. பிறகு வரிசையாக: ‘டார்கெட் எக்ஸ்டென்டட்-ரிமோட்’ என்று லோக்கல்ஹோஸ்ட் 3333, ‘மானிட்டர் ரீசெட் ஹால்ட்’, ‘லோட்’, மறுபடி ‘மானிட்டர் ரீசெட் ஹால்ட்’, ‘பிரேக் மெயின்’, ‘கன்டினியூ’.

மானிட்டர் என்று தொடங்குவதெல்லாம் ஜிடிபிக்கு அல்ல, ஓப்பன்ஓசிடிக்குப் போகிற கட்டளை. லோட் முடிந்ததும் ‘08000000இல் எழுதினேன்’ என்ற பொருளில் வரி வர வேண்டும், ஃப்ளாஷ் அங்கேதான் தொடங்குகிறது. ரேம் 20000000இல் தொடங்கி 20 கிலோபைட். தினமும் இதை அடிக்கச் சலிப்பாக இருந்தால் ஒரு கோப்பில் எழுதி ‘ஹைஃபன் எக்ஸ்’ போட்டு ஜிடிபிக்குக் கொடுங்கள்.

முதல் தடவை நிரல் ஏறியது. அதன் பிறகு சிப் தொடர்பே கொடுக்கவில்லை. செத்துவிட்டதா?

இல்லை. இதைக் கேட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் எனக்கே கவலையாக இருக்கும், கொழும்பிலிருந்து கூரியரில் வரவழைத்த போர்டல்லவா. சிப் நலமாக இருக்கிறது. நீங்கள் ஏற்றிய நிரல்தான் டிபக் வாசலைப் பூட்டியிருக்கிறது.

நிரலின் தொடக்க வரிகளை உருவாக்கித் தரும் கியூப்எம்எக்ஸில் ‘சிஸ்’ பகுதியில் டிபக் என்ற இடம் ‘நோ டிபக்’ என்று இருக்கும்போது நிரல் உருவாக்கினால், ஆரம்பத்திலேயே ஏஎஃப்ஐஓவின் மேப் ரெஜிஸ்டரில் எஸ்டபிள்யூடி, ஜேடேக் என்ற இரு டிபக் வழிகளும் அணைக்கப்பட்டுவிடும். சிப் விழித்த சில மைக்ரோசெக்கன்களில் பிஏ13, பிஏ14 இரண்டும் சாதாரணப் பின்களாகிவிடுகின்றன. நீங்களே அந்த இரு பின்களை எல்ஈடிக்கோ சென்சருக்கோ எடுத்தாலும் இதுதான் நடக்கும்.

மீட்கும் வழி: பூட்0 ஜம்பரை ஒன்றுக்கு மாற்றி ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். சிப் உங்கள் நிரலை ஓட்டாமல், உற்பத்தியின்போதே உள்ளே எழுதப்பட்ட பூட்லோடரில் நிற்கும். அது டிபக் வாசலைத் தொடுவதில்லை. இப்போது ஓப்பன்ஓசிடி இணையும். ‘மானிட்டர் எஸ்டிஎம்32எஃப்1எக்ஸ் மாஸ்_இரேஸ் 0’ என்று கொடுத்து ஃப்ளாஷை அழித்து, ஜம்பரைப் பூச்சியத்துக்குத் திருப்புங்கள். பிறகு கியூப்எம்எக்ஸில் ‘சீரியல் வயர்’ என்று தெரிவு செய்து மறுபடி உருவாக்குங்கள். அந்த ஒரு தெரிவை ஒவ்வொரு புதிய செயற்றிட்டத்திலும் முதல் வேலையாகச் செய்யுங்கள்.

ரீசெட் வயரை இழுத்து, ரீசெட்டைப் பிடித்தபடியே இணைவது இன்னொரு வழி. ஆனால் மலிவுக் குச்சிகள் பலவற்றில் ‘ஆர்எஸ்டி’ என்று எழுதிய பின் எஸ்டிஎம்8க்கானது, இந்தச் சிப்பை அது ரீசெட் செய்யாது. ஆகவே ஜம்பர் வழிதான் நம்பகமானது. ஃப்ளாஷ் வாசிப்புத் தடை போடப்பட்டிருந்தால் மட்டும் அழிப்பதற்கு முன் ‘எஸ்டிஎம்32எஃப்1எக்ஸ் அன்லாக் 0’ கொடுத்து, கரண்டை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். உள்ளே இருந்த நிரல் அதோடு போய்விடும்.

நிரல் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றுவிட்டது.

பயமில்லை. ஃப்ளாஷ் அரைகுறையாக இருக்கும், அவ்வளவுதான். டிபக் வாசல் ஃப்ளாஷில் இருப்பதை நம்பி இயங்குவதில்லை. கரண்ட் வந்ததும் மறுபடி லோட் கொடுங்கள்.

ஏழாவது பிரேக்பாயின்ட் வைக்க முடியவில்லை.

நிரல் ஃப்ளாஷில் இருப்பதால் ஒவ்வொரு பிரேக்பாயின்டுக்கும் சிப்பின் உள்ளே ஓர் ஒப்பிடும் சுற்று வேண்டும். இந்தக் கோர்டெக்ஸ்-எம்3இல் ஆறுதான். ‘நெக்ஸ்ட்’, ‘ஃபினிஷ்’ போன்றவையும் தற்காலிகமாக ஒன்றைக் கேட்கும் என்பதால் ஐந்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தேவை முடிந்ததை ‘டிலீட்’ செய்யுங்கள். ஒரு மாறியை யார் கெடுக்கிறார்கள் என்று தேடினால் பிரேக்பாயின்டை வரி வரியாக நகர்த்தாமல் ‘வாட்ச்’ என்று மாறியின் பெயரைக் கொடுங்கள். அந்த இடத்தில் மதிப்பு மாறிய உடனே சிப் நிற்கும். பலரும் கைவைக்காத வசதி இது, எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

மாறியின் மதிப்பைக் கேட்டால் ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’ என்கிறது. வரிகளும் முன்னும் பின்னும் தாவுகின்றன.

கொம்பைலர் மாறியை ரெஜிஸ்டரில் வைத்து வேலை முடிந்ததும் விட்டுவிட்டது. பழகும்போது ‘ஓஜி’ தேர்வோடும் (இதில் ஓ மட்டும் பெரிய எழுத்து) ‘ஜி3’ தேர்வோடும் கொம்பைல் செய்யுங்கள். இன்டரப்டிலும் மெயினிலும் பகிரும் மாறிக்கு ‘வொலட்டைல்’ போடுவது டிபக்கருக்காக அல்ல, நிரல் சரியாக ஓடுவதற்கே அது தேவை.

நிறுத்தி வைத்தால் சிறிது நேரத்தில் சிப் தானாக ரீசெட் ஆகிறது.

வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் எண்ணி) ஓடுகிறது. மையச் செயலி நின்றாலும் அது தன் தனிக் கடிகாரத்தில் எண்ணிக்கொண்டே இருக்கும். டிபிஜிஎம்சியூ ரெஜிஸ்டரின் 8ஆம் பிட் அதை டிபக்கில் நிறுத்தும், முகவரி ஈ0042004. அண்மைய ஓப்பன்ஓசிடியின் எஃப்1 கோப்பு இணையும்போதே இதைச் செய்துவிடுகிறது, தூக்க நிலையிலும் டிபக் இணைப்பு அறாமலிருக்கும் பிட்களையும் சேர்த்தே போடுகிறது. மற்றக் கருவிகளில் நீங்களே எழுத வேண்டும். டைமர்களுக்கு நிறுத்தும் பிட்கள் தனி. பம்பையோ மோட்டாரையோ ஓட்டும் பிடபிள்யூஎம் டைமர், நீங்கள் நிறுத்தி யோசிக்கும் நேரமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பவர் பக்கத்தைக் கழற்றிவிட்டு டிபக் செய்யுங்கள்.

ஹார்ட் ஃபோல்டில் போய் நிற்கிறது. எந்த வரி காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொறுமையாகச் செய்தால் பத்து நிமிட வேலை இது. பிழை நிகழும்போது சிப் எட்டுச் சொற்களை (32 பிட் எண்களை) ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகத்தில் தள்ளுகிறது: ஆர்0, ஆர்1, ஆர்2, ஆர்3, ஆர்12, எல்ஆர், பிசி, எக்ஸ்பிஎஸ்ஆர், இதே ஒழுங்கில். நமக்கு வேண்டியது ஏழாவது, பிழை நடந்த இடத்தைச் சொல்லும் பிசி.

‘பிரேக்’ என்பதற்குப் பின் நட்சத்திரக் குறியும் ஹார்ட் ஃபோல்ட் ஹேன்ட்லரின் பெயரும் (நிரலில் உள்ள அதே பெரிய, சிறிய எழுத்துகளில்) கொடுங்கள். நட்சத்திரம் அவசியம். அது இல்லாவிட்டால் ஹேன்ட்லர் தன் பங்குக்கு ஸ்டாக்கில் எதையாவது தள்ளிய பிறகே நிற்கும், கணக்குப் பிசகும். நின்றதும் எல்ஆரைப் பாருங்கள். எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்9 என்றால் முதன்மை ஸ்டாக், கடைசி இலக்கம் டி என்றால் பிராசஸ் ஸ்டாக். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு இயங்குதளத்தை ஓட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது. அந்த ஸ்டாக் சுட்டியிலிருந்து எட்டுச் சொற்களை ‘எக்ஸ்’ கட்டளையால் அச்சிட்டு, ஏழாவது எண்ணை ‘இன்ஃபோ லைன்’ கட்டளைக்கு நட்சத்திரத்தோடு கொடுத்தால் கோப்பும் வரியும் வந்துவிடும்.

ஏன் விழுந்தது என்பதை ஈ000ஈடி28 முகவரியிலுள்ள சிஎஃப்எஸ்ஆர் என்ற பிழைக் காரண ரெஜிஸ்டர் சொல்லும். 00008200 என்றால் இல்லாத முகவரி ஒன்றைத் தொட்டிருக்கிறீர்கள், அந்த முகவரியே ஈ000ஈடி38இல் காத்திருக்கிறது. 00020000 என்றால் பெரும்பாலும் வெறுமையான ஃபங்ஷன் சுட்டியை அழைத்திருக்கிறீர்கள். 00000400 என்றால் கவனம்: எழுதுவது தாமதித்து நடந்ததால் ஸ்டாக்கிலுள்ள பிசி உண்மையான வரியைத் தாண்டிப் போயிருக்கும். ஈ000ஈ008இன் 1ஆம் பிட்டைப் போட்டு எழுத்துத் தாங்கியை (ரைட் பஃபர்) அணைத்து மறுபடி ஓட்டினால் சரியான வரி அகப்படும். பூச்சியத்தால் வகுத்தால் இந்தச் சிப் இயல்பில் விழுவதில்லை, சத்தமில்லாமல் பூச்சியத்தை விடையாகத் தந்துவிடும். சென்சர் கணக்குகளில் அதைத் தனியே பாருங்கள்.

விஎஸ் கோடில் செய்ய முடியாதா?

முடியும். கோர்டெக்ஸ்-டிபக் நீட்சியைப் போட்டு, லாஞ்ச் கோப்பில் சேவையக வகையை ஓப்பன்ஓசிடி என்றும், உங்கள் ஈஎல்எஃப் கோப்பையும் சிஎஃப்ஜி கோப்பையும் கொடுங்கள். சிப்பின் எஸ்விடி கோப்பையும் சேர்த்தால் ஒவ்வொரு ரெஜிஸ்டரின் பிட்டும் பெயரோடு தெரியும். ஆனால் முதலில் கட்டளை வரியில் ஓடவைத்துவிட்டு இங்கே வாருங்கள். இல்லாவிட்டால் பிழை வயரிலா, ஓப்பன்ஓசிடியிலா, லாஞ்ச் கோப்பிலா என்று பிரித்தறிய வழி இருக்காது.

என்னிடம் ராஸ்பெரி பை பிக்கோ அல்லது ஈஎஸ்பி32தான் உள்ளது. இவை பொருந்துமா?

பிக்கோவுக்குப் பெரும்பகுதி பொருந்தும். அதிலும் எஸ்டபிள்யூடிதான், மூன்று பின்கள். இன்னொரு பிக்கோவில் ‘டிபக்புரோப்’ நிரலை ஏற்றினால் அதுவே டிபக்கராகிவிடும், எஸ்டி-லிங்க் வாங்கத் தேவையில்லை. இன்டர்ஃபேஸ் கோப்பு ‘சிஎம்எஸ்ஐஎஸ்-டேப்’, டார்கெட் கோப்பு ‘ஆர்பி2040’. கோர்டெக்ஸ்-எம்0+ என்பதால் ஒவ்வொரு கோருக்கும் நாலு பிரேக்பாயின்ட்தான், சிஎஃப்எஸ்ஆரும் கிடையாது. ஆனால் ஸ்டாக்கிலுள்ள எட்டுச் சொல் ஒழுங்கு அதேதான்.

ஈஎஸ்பி32 வேறு குடும்பம். பழைய ஈஎஸ்பி32இல் ஜிபிஐஓ 12 முதல் 15 வரை ஜேடேக் பின்கள், வெளியே ஒரு ஜேடேக் கருவி வேண்டும். ஈஎஸ்பி32-எஸ்3, சி3 இரண்டிலும் யூஎஸ்பி-ஜேடேக் சிப்பின் உள்ளேயே இருக்கிறது. அந்தச் சிப்பின் சொந்த யூஎஸ்பி பின்களுக்குப் போகும் சொக்கட்டில் கேபிளை மாட்டி, எஸ்பிரெசிஃப் தரும் ஓப்பன்ஓசிடிப் பதிப்பைப் போடுங்கள். சில போர்டுகளில் இரண்டு யூஎஸ்பி சொக்கட் இருக்கும். ‘யுஆர்ட்’ என்று எழுதியதில் மாட்டினால் டிபக்கர் அகப்படாது.